எந்த இடம், எந்தக் கை, எந்த விரல்?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடங்களாகப் பியானோ கற்கிறாள். சனிக்கிழமைதோறும் வகுப்பு. வீட்டில் தினமும் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நான்கு மாதத்தில் லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு 1 இசைத் தேர்வு. மாலை ஆறரை மணிக்கு அடுப்படி டைமரை வைத்து உட்காரச் சொல்கிறேன். தேர்வுக்கான பீஸை, அதாவது வாசிக்க வேண்டிய உருப்படியை, முதலிலிருந்து வேகமாக வாசிப்பாள். இரண்டாவது வரியில் தினமும் ஒரே இடத்தில் தடுக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். "திரும்ப வாசி" என்று நான் சொல்ல, அவள் அழ, வீடே போர்க்களமாகிவிடுகிறது. ஆனால் சினிமாப் பாட்டுகளை யாரும் சொல்லாமலே காதால் கேட்டு வாசிக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். மாமியார் கர்நாடக சங்கீதம் கற்றவர். இதில் ராகமும் இல்லை, தாளமும் இல்லை என்பது அவர் கட்சி. எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. எங்களிடம் இருப்பது 61 கட்டைக் கீபோர்டு. பியானோ வாங்கியே தீர வேண்டுமா? குழந்தையை வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?

பின்குறிப்பு: அடுத்த மாதம் என் தம்பி கல்யாணம். அதற்காக நகம் வளர்க்கிறாள். டீச்சர் கோபித்துக்கொள்கிறார்.

ஒரு தாய், திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கீதம் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது வரியில், தினமும், ஒரே இடத்தில் தடுக்கிறது என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டுப் பிடித்த காது போதும். சங்கீதம் நன்றாகத் தெரிந்த பெற்றோர் சிலர் அந்த ஒரு இடத்தைக் கோட்டைவிட்டுவிட்டு, பாட்டில் உணர்ச்சி போதவில்லை என்று பிள்ளைக்குப் பிரசங்கம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பீஸில் 16 பார் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பார் என்றால் ஐந்து கோடுகளின் குறுக்கே நிற்கும் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள கட்டம். ஆவர்த்தனம் மாதிரி என்று மாமியாரிடம் சொன்னால் அவருக்குப் புரியும். ஆறாவது பாரில் தடுக்கிறது. உடனே முதலுக்குப் போகிறாள். இப்படி இருபது தடவை. முதல் ஐந்து பாருக்கும் இருபது தடவை நல்ல பயிற்சி கிடைத்துவிட்டது. அவற்றுக்கு அது தேவையே இல்லை. ஆறாவது பார் இருபது தடவை தப்பாக வாசிக்கப்பட்டது. ஏழிலிருந்து பதினாறு வரை இரண்டு மூன்று தடவை தொட்டிருந்தால் அதிகம். மூன்று வாரத்தில் முதல் வரி கச்சேரி மாதிரி இருக்கும். கடைசி வரியை வேறொரு குழந்தை வாசிப்பது போல இருக்கும்.

கைக்குச் சரி எது, தப்பு எது என்று தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்ளும். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இப்படித்தான் ஓரிடத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக விரல் சரியானது. ஆனால் அந்த இடம் வந்ததும் நின்று, ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் மேலே போவான். அதுவும் பாட்டோடு சேர்த்து அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. அந்த மூக்குறிஞ்சலை எடுக்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

ஆகவே முதல் வேலையாக டைமரை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். இதில் எங்கள் பங்கும் உண்டு. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் "தினமும் 30 நிமிடம்" என்று எழுதி, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டமும் போட்டுக் கொடுத்தவள்தான் நானும். ஒரு பெண் குழந்தை வந்து, "டீச்சர், நேற்று 31 நிமிடம்" என்று பெருமையாகச் சொன்னாள். என்ன வாசித்தாய் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம்" என்றாள். இப்போது நான் எழுதுவது இப்படி இருக்கும்: "6, 7ஆம் பார், இடது கை மட்டும், மெதுவாக, ஐந்து தடவை." உங்கள் டீச்சரிடமும் இந்த மாதிரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த டீச்சரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் ஒருவர் இவ்வளவு கவனிக்கிறாரே என்று மகிழ்ந்துதான் போவார்.

நாளை மாலை என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

கையில் ஒரு பென்சில் போதும். பேனா வேண்டாம், அழிக்க வேண்டிவரும். மகளை ஒரே ஒரு தடவை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும், "எந்த இடம்?" என்று கேளுங்கள். "இங்கே தப்பு வந்தது பார்" என்று நீங்களாகச் சொல்லக் கூடாது. குழந்தைக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவளே அந்த இடத்தைச் சுற்றி அடைப்புக்குறி போடட்டும். அடைப்புக்குறியைச் சற்று முன்னாலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள், அதாவது ஐந்தாவது பாரின் கடைசித் தாளத் தட்டிலிருந்து. தடுக்கியது ஆறாவது பாராக இருந்தாலும், கை தப்பான இடத்தில் நின்றுவிட்டது பெரும்பாலும் அதற்கு முன்பாகத்தான். வாசற்படியில் தடுக்கி விழுபவர்களைப் பாருங்கள், ஒரு எட்டு முன்னாலேயே கால் தப்பாக விழுந்திருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு அடைப்புக்குறிக்கு மேல் வேண்டாம்.

அடுத்த கேள்வி, "எந்தக் கை?" வலது கைதான் தடுமாறியது போல நமக்குக் கேட்கும், ஏனென்றால் மெட்டு அங்கே இருக்கிறது. இடது கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அது திணறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வலது கை மெட்டைக் குழந்தைகள் வாயாலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். இடது கையை யாரும் முணுமுணுப்பதில்லை. அது இருட்டிலேயே வளர்கிற பிள்ளை. என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு கையும் சேரும்போது வருகிற சிக்கல், இடது கை தனியாகப் பாடமாகாததுதான்.

மூன்றாவது, "எந்த விரல்?" இதில்தான் சங்கீதம் தெரியாத நீங்கள் டீச்சருக்குச் சமமாக உதவ முடியும். சுரக்குறிகளின் மேலேயும் கீழேயும் 1 முதல் 5 வரை சின்ன எண்கள் அச்சாகியிருக்கும். இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. (வயலின் கற்றவர்களுக்கு ஆள்காட்டி விரல் 1. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சுரம் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் படிக்கத் தெரியும் அல்லவா? 3 என்று போட்டிருக்கும் இடத்தில் நடுவிரல் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்று 3, நாளை 2, அதற்கு மறுநாள் 4 என்று விரல் மாறிக்கொண்டே இருந்தால் அந்த இடம் எத்தனை மாதமானாலும் பாடமாகாது. தினம் ஒரு தெரு வழியாகப் போனால் வீட்டுக்கு வழி எப்படிப் பழகும்?

ஒரு விரல் எண் என்ன செய்துவிடும் என்று தோன்றினால் எஃப் மேஜர் ஸ்கேலை (ஸ்கேல் என்றால் ஆரோகணம் அவரோகணம் மாதிரியான சுர வரிசை) வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று வலது கையைப் பாருங்கள். எல்லாக் குழந்தைகளும் முதலில் கற்பது சி மேஜர். அதில் 1, 2, 3 போனதும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து நான்காவது சுரத்தைப் பிடிக்கும். அந்தப் பழக்கத்திலேயே எஃப் மேஜரையும் வாசித்தால் கட்டைவிரல் போய் விழும் இடம் ஒரு கருப்புக் கட்டை. கருப்புக் கட்டை மேலே எழும்பி நிற்பது, நீளத்தில் குட்டை, உள்ளே தள்ளி இருப்பது. கட்டைவிரலோ கையிலேயே குள்ளம். அதை அங்கே கொண்டுபோக மொத்தக் கையும் முன்னால் நகர்ந்து, மணிக்கட்டு முறுக்கி, முழங்கை விலாவில் இடிக்கும். அதனால்தான் எஃப் மேஜரில் வலது கை 1, 2, 3, 4 என்று போய், கருப்புக் கட்டையை மோதிர விரலால் தொட்டுவிட்டு, அதற்குப் பிறகே கட்டைவிரல் அடியில் புகும். எட்டாவது சுரம் 4இல் முடியும், சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. குழந்தை "இது கஷ்டம்" என்று சிணுங்கும் இடங்களில் பாதி இந்த மாதிரி விரல் சிக்கல்தான். சோம்பலும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை.

1720 ஜனவரியில், ஜெர்மனியின் கோத்தன் நகரில், மேல்நாட்டு இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் தன் மூத்த மகனுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். பையனுக்கு அப்போது உங்கள் மகளின் வயதுதான், ஒன்பது. முதலில் சுரங்களின் பெயர்கள், அடுத்து அலங்காரக் குறிகளின் அட்டவணை. அதற்குப் பிறகு வரும் சின்னஞ்சிறு பாடத்தில் ஏறக்குறைய எல்லாச் சுரங்களுக்கும் விரல் எண் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் காலத்து விரல் முறை வேறு, கட்டைவிரலுக்கு அதில் அவ்வளவு வேலை இல்லை. ஆனால் தகப்பனாக அவர் செய்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. எவ்வளவு பெரிய மேதை! எண் போட உட்கார்ந்திருக்கிறார்.

இடமும் கையும் விரலும் தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது வேகம். தப்பே வராத வேகம் என்று ஒன்று எல்லோருக்கும் உண்டு. அது பல சமயம் சிரிப்பு வரும் அளவுக்கு மெதுவாக இருக்கும். அங்கேதான் தொடங்க வேண்டும். உங்கள் மாமியார் சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடியிருப்பார். முதல் காலம் சரியாக அமையாமல் இரண்டாம் காலத்துக்கு அவருடைய குரு விட்டிருக்க மாட்டார். அதே நியாயம்தான். பியானோவில் ஒரேயடியாக இரட்டிக்க வேண்டியதில்லை, படிப்படியாக ஏற்றலாம். போனில் இலவச மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) கிடைக்கும். 60 என்று வைத்தால் விநாடிக்கு ஒரு தட்டு. அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது 50இல் சுத்தமாக வந்தால், நாளைக்கு 54. இன்றைக்கே அல்ல. இரவு தூங்கி எழுந்தால் கை ஒரு படி தெளிந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். மெட்ரோனோமைப் பயிற்சி முழுக்க ஓடவிடாதீர்கள். அதன் "டக் டக்" இரண்டு நாளில் உங்களையே எரிச்சல்படுத்திவிடும், குழந்தையைக் கேட்கவா வேண்டும்.

எத்தனை தடவை வாசிப்பது என்பதற்கு என் வகுப்பில் புளியங்கொட்டைதான். ஐந்து கொட்டை, கீபோர்டின் இடது ஓரத்தில். அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஒரு தடவை சரியாக வாசித்தால் ஒரு கொட்டை வலது ஓரத்துக்குப் போகும். தப்பானால் ஒன்று திரும்பி வரும். ஐந்தும் வலது பக்கம் சேர்ந்துவிட்டால் இன்றைக்கு அந்த இடம் முடிந்தது. அது நான்கு நிமிடத்திலும் முடியலாம், பத்து நிமிடமும் ஆகலாம். தப்பானால் ஐந்தும் திரும்ப வேண்டும் என்று கண்டிப்புக் காட்டும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு கொட்டை சேர்ந்தபின் ஐந்தாவதில் தவறி எல்லாம் போய்விட்டால் பெரியவர்களுக்கே கண்ணீர் வரும். கொட்டையை நகர்த்துவது குழந்தையின் கையாக இருக்கட்டும், நீங்கள் நகர்த்த வேண்டாம். பல்லாங்குழி ஆடத் தெரிந்த பாட்டி வீட்டில் இருக்கிறார், இதன் ருசி அவருக்குத் தெரியும்.

புதிய பீஸ் தொடங்கும்போது கடைசி இரண்டு பாரை முதலில் கற்கச் சொல்லுங்கள். பிறகு அதற்கு முந்திய இரண்டு. அப்படிக் கற்ற பிள்ளை வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போகும். முதலிலிருந்து மட்டுமே கற்ற பிள்ளை தெரியாத இடத்தை நோக்கிப் பயந்துகொண்டே போகும். டீச்சருக்கு இதில் வேறு வழக்கம் இருந்தால் அவர் சொல்வதுபோலவே செய்யுங்கள்.

ஆறரை மணி வேண்டாம் என்று நினைக்கிறேன். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து குழந்தை துவண்டிருக்கும் நேரம் அது. காலையில் சீருடை போட்டபின் பத்து நிமிடம், மாலை சிற்றுண்டி முடிந்ததும் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் போதும். காலையில் அடைப்புக்குறி இடங்கள். மாலையில் ஸ்கேலும் மற்ற பீஸும்.

இப்படித் துண்டு துண்டாகவே வாசித்தால் தேர்வில் முழுதாக எப்படி வரும் என்று கேட்பீர்கள். தையற்காரர் கிழிந்த இடத்தை மட்டும் தைப்பார், ஆனால் தைத்து முடித்ததும் சட்டையைப் போட்டுப் பார்க்கத்தானே வேண்டும்? வெள்ளிக்கிழமை மாலை அதற்கு. பாட்டி, அப்பா, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று யார் இருந்தாலும் உட்கார வைத்து, அறைக்கு வெளியிலிருந்து அவளை நடந்து வரச் சொல்லுங்கள். வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை. அன்றைக்கு ஒரே ஒரு விதிதான், என்ன தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது. திருத்துவதும் கூடாது, திரும்பிப் போவதும் கூடாது. மற்ற நாட்களில் பழுது பார்க்கிறோம், வெள்ளிக்கிழமை கச்சேரி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தினமும் இரண்டும் கெட்டுப்போகிறது.

தேர்வு பற்றிய பயமும் இதனால் குறையும். டிரினிட்டியில் மொத்தம் 100 மதிப்பெண். மூன்று பீஸுக்குத் தலா 22, அதாவது 66. ஸ்கேல் முதலியவற்றுக்கு 14. காதுப் பயிற்சி, பார்த்தவுடன் வாசித்தல் போன்றவற்றில் தேர்ந்தெடுக்கும் இரண்டுக்குத் தலா 10. 60 எடுத்தால் தேர்ச்சி, 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஒரு சுரம் பிசகியதற்காக யாரும் தோற்றுப்போவதில்லை. நின்று, முகம் சுளித்து, முதலிலிருந்து தொடங்குவதுதான் மதிப்பெண்ணைத் தின்னும். அந்தப் பழக்கம் இப்போது உங்கள் வீட்டில் தினமும் இருபது தடவை பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எங்கே இருக்க வேண்டும்? சின்ன வயதில் நான் பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய டீச்சரிடம் கற்றேன். என் அம்மாவுக்கு ஒரு சுரமும் தெரியாது. நான் வாசிக்கும்போது பக்கத்தில் தரையில் அரிவாள்மணையைப் போட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். தலை நிமிர மாட்டார். நான் நிறுத்தினால் மட்டும், "இப்போது எந்த இடம்?" என்பார். நான் சொல்வேன். "சரி, அதை மட்டும் வாசி." அவ்வளவுதான். அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் அவருக்கு விளக்கிச் சொல்வேன். விளக்கும்போதே எனக்குப் புரிந்துவிடும். அடுத்த அறையிலிருந்து "தப்பு!" என்று கத்துவதைவிடப் பக்கத்தில் சும்மா இருப்பது நூறு பங்கு மேல். பாராட்டும்போதும் "அருமை, அருமை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "நேற்றுத் தடுத்த இடம் இன்றைக்கு வழுக்கிக்கொண்டு போய்விட்டது" என்று சொல்லுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று அவளுக்குத் தெரியும். அழத் தொடங்கினால் அன்றைக்கு மூடிவிடுங்கள். அழுகையோடு வாசித்தால் அழுகையும் சேர்ந்துதான் பாடமாகும், அந்த மூக்குறிஞ்சல் மாதிரி.

சினிமாப் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். காதால் கேட்டு, சொல்லிக்கொடுக்காமல் ஒரு மெட்டைக் கட்டையில் கண்டுபிடிக்கும் குழந்தைக்குப் பியானோ பிடிக்கவில்லை என்று உங்கள் கணவர் எப்படிச் சொல்கிறார்? அவளுக்குப் பிடிக்காதது ஆறரை மணி. "முதலில் பீஸ், அப்புறம் சினிமாப் பாட்டு" என்று அதை லஞ்சமாகவும் ஆக்காதீர்கள். அது அவளுடைய சொந்த நேரம், அப்படியே இருக்கட்டும். எப்போதாவது, "இதே பாட்டை வேறொரு கட்டையிலிருந்து தொடங்கினால் வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அரை நாள் அதிலேயே கிடப்பாள். நாங்கள் பெரிய கிரேடுகளில் பாடுபட்டுக் கற்பிக்கும் வித்தை அது.

மாமியாரையும் நம் கட்சிக்கு இழுத்துவிடலாம். சி மேஜர் ஸ்கேல் என்று பேத்தி தினமும் வாசிப்பது அவருடைய சங்கராபரணம்தான், வெள்ளைக் கட்டைகளிலேயே முழுதும் வந்துவிடும். ஹார்மோனிக் மைனர் என்று அடுத்துக் கற்கப்போவது கீரவாணி. கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, பியானோவில் வராது, அந்த வகையில் அவர் குறை நியாயமானது. ஆனால் கமகமே தேவைப்படாத பாட்டுகளும் நம்மிடம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயர் காலத்து பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சங்கராபரணத்தில் சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று பெயர். "சக்தி சஹித கணபதிம்" அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டனின் தேசிய கீதத்து மெட்டு. பாட்டி பாட, பேத்தி ஒரு விரலாலேயே வாசிக்கத் தொடங்கட்டும். வெள்ளிக்கிழமைக் கச்சேரியில் இது ஓர் உருப்படி. ராகமும் தாளமும் இல்லை என்ற புகார் அதற்குப் பின் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம்.

இனி வாத்தியம். கிரேடு 1க்கு 61 கட்டை நீளம் போதும். எடைதான் பிரச்சினை. பியானோவில் ஒரு கட்டை அமுங்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும், ஏனென்றால் மறுமுனையில் ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. சாதாரணக் கீபோர்டில் ஸ்பிரிங்தான் இருக்கிறது, தொட்டாலே அமுங்கும். அதில் மட்டும் பழகிய விரல் தேர்வு அறையில் உண்மையான பியானோ முன்னால் உட்கார்ந்ததும் பாதிச் சுரம் ஒலிக்காமல் போகும். அதற்காக மரப் பியானோ வாங்க வேண்டியதில்லை. இருநூறு கிலோ எடை, வருடத்துக்கு இரண்டு தடவை டியூனிங், மழைக்காலத்தில் ஊறிப்போகும் மரம், கரையான் பயம் என்று அது தனிக் குடித்தனம். 88 கட்டையும் சுத்தியல் எடையும் உள்ள டிஜிட்டல் பியானோ போதும். பழையதாக நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்கலாம். இந்தத் தேர்வுக்குள் முடியாவிட்டால், தேர்வுக்கு முந்திய மாதம் டீச்சர் வீட்டுப் பியானோவில் வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட அவசரமான ஒன்று உண்டு. கீபோர்டு இப்போது எங்கே இருக்கிறது? கட்டில் மேல் வைத்து, ஹார்மோனியம் மாதிரிச் சம்மணமிட்டு வாசிக்கிறாளா? பல வீடுகளில் அப்படித்தான். கட்டைகள் தரையிலிருந்து ஏறக்குறைய 72 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், உட்கார்ந்தால் முழங்கை அந்த மட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் பழைய டெலிபோன் டைரக்டரியோ மடித்த ஜமக்காளமோ போட்டு ஏற்றுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் அடியில் ஒரு மணைப் பலகை. இந்த வாரமே செய்துவிடக்கூடியது, செலவும் இல்லை.

வற்புறுத்தலாமா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம் இது. பல் துலக்குவதற்கு எவ்வளவு வற்புறுத்துகிறீர்களோ அவ்வளவு வற்புறுத்தலாம். தினமும் உட்கார வேண்டும் என்பதில் பேரம் கிடையாது. எவ்வளவு நேரம் என்பதில் தாராளமாகப் பேரம் பேசலாம். நிறுத்துவதா என்ற பேச்சை அழுத நாளில் எடுக்காதீர்கள். தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்து, மகளையும் வைத்துக்கொண்டு மூவருமாகப் பேசுங்கள். இன்னும் ஆறு வாரத்தில் இரண்டு பீஸாவது வெள்ளிக்கிழமைக் கச்சேரியில் நிற்காமல் ஓடாவிட்டால், தேர்வை அடுத்த தவணைக்குத் தள்ளலாமா என்று டீச்சரைக் கேளுங்கள். கிரேடு 1ஐ ஒன்பது வயதில் எழுதினாயா, பத்து வயதில் எழுதினாயா என்று பிற்காலத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

நகம்: டீச்சர் பக்கம்தான் நியாயம். நகம் நீண்டால் விரல் நுனி கட்டையில் படாது, விரல் தட்டையாகப் படுத்துவிடும், போதாக்குறைக்குக் கட்டையில் "டிக் டிக்" என்று வேறு கேட்கும். இன்றைக்கே ஒட்ட வெட்டிவிடுங்கள். கல்யாணத்துக்கு மருதாணி வைக்கட்டும். முழங்கை வரை வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.